எங்கள் மாவட்டக் கவுன்சிலர் வார்டு யார் கோட்டை?

ஒரு வாசகர் எழுதியது, 6 ஜனவரி 2025

நேற்றோடு 27 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. எங்கள் மாவட்ட ஊராட்சி வார்டு 1996இல் இருந்தே உதயசூரியன் கோட்டை. தேர்தல் எப்போது வைத்தாலும் முடிவு மாறாது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

7 ஜனவரி 2025, இரவு, என் பதில்

ஆதாரம் அப்புறம். முதலில் ஞாபகத்தில் இருந்து சொல்கிறேன். நானும் அதே வார்டுதான். 1996இல் ஜெயித்தது தமிழ் மாநில காங்கிரஸின் சைக்கிள். சூரியன் இல்லை.

7 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

"சைக்கிளும் நம்ம கூட்டணிதானே" என்று பதில் வந்திருக்கிறது. கூட்டணிதான், மறுக்கவில்லை. ஆனால் கோட்டை என்றால் கொடி யாருடையது என்று பார்க்க வேண்டாமா? 2006இல் கை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வீர்கள். சரி. 2011இல் இரட்டை இலை. அதை எந்தக் கூட்டணியில் சேர்ப்பீர்கள்? அந்தத் தேர்தலில் பெரிய கட்சிகள் எல்லாம் தனித்தனியாகத்தான் நின்றன.

உதயசூரியன் என்று அச்சடித்த சின்னமே இந்த வார்டில் ஜெயித்தது, எனக்குத் தெரிந்து, 2019இல் ஒரே ஒரு முறை.

9 ஜனவரி 2025

நான் யார், எனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அரசுப் பள்ளி ஆசிரியை. இப்போது விருப்ப ஓய்வில் இருக்கிறேன். 1996, 2006, 2011 மூன்றிலும் பூத் வேலை, 2019இல் வாக்கு எண்ணிக்கை. வேலையை எப்போதும் வேறு ஒன்றியத்தில்தான் போடுவார்கள். எனக்குத் தபால் ஓட்டு. அதனால் சொந்த வார்டில் என்ன நடந்தது என்பதை நானும் மறுநாள் டீக்கடைச் செய்தியாகவே கேட்டிருக்கிறேன். இதையும் மனதில் வைத்துக்கொண்டு என்னை நம்புங்கள்.

கிராமத்தில் ஓட்டுப் போடுகிறவருக்கு நாலு சீட்டு தருவோம். வார்டு மெம்பருக்கு வெள்ளை, பிரசிடெண்டுக்கு இளஞ்சிவப்பு, யூனியன் கவுன்சிலருக்கு மஞ்சள், மாவட்டக் கவுன்சிலருக்குப் பச்சை. நாலையும் ஒரே பெட்டியில் போட வேண்டும். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா மாதிரி சின்னங்கள்தான். கட்சி சட்டப்படி உள்ளே வருவது பின்னிரண்டு சீட்டில்.

வயதான அம்மா ஒருவர் 2006இல் மூன்று சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு நாலாவதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இது யாருக்குன்னு தெரியல டீச்சர், நீங்களே வச்சுக்கங்க." மாவட்டக் கவுன்சிலர் சீட்டு அது. வைத்துக்கொள்ள முடியாது, பெட்டியில் போடுங்கள் என்றேன். முத்திரை குத்தாமல் வெறும் தாளாகவே போட்டுவிட்டுப் போனார்.

10 ஜனவரி 2025

திருத்தம். நிறத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன். பச்சைதான் யூனியன், மஞ்சள் மாவட்டம். இத்தனை தேர்தல் வேலை பார்த்த எனக்கே இந்த லட்சணம். சுட்டிக்காட்டியவர் "டீச்சருக்கு ஃபெயில்" என்று போட்டிருக்கிறார். ஏற்றுக்கொள்கிறேன்.

மாவட்டப் பதவிக்குப் போய் மஞ்சள் தாளைப் பிடித்தார்களே, கடன் கட்ட முடியாதவன் மஞ்சள் கடுதாசி கொடுப்பான் என்பது ஊரறிந்தது என்று இன்னொருவர். சிரித்துவிட்டேன். கையில் காசில்லாத பதவி என்பதும் உண்மைதான். மாவட்ட ஊராட்சிக்கு வரி போடும் அதிகாரமே இல்லை. வீட்டு வரி கிராம ஊராட்சிக்குப் போகிறது. மாநில நிதிக்குழுப் பணத்தில் ஊரகப் பங்கை மூன்று அடுக்காகப் பிரிக்கும்போது மாவட்டத்துக்கு வருவது 8 சதவீதம்.

12 ஜனவரி 2025

கோட்டைக்காரர் விடுவதாக இல்லை. "சின்னம் மாறலாம், மக்கள் மாறவில்லை" என்கிறார். மக்களே மாறிவிட்டார்கள் ஐயா, அதுதான் விஷயம்.

மாவட்ட ஊராட்சி வார்டு என்பது மக்கள்தொகையில் 50,000 பேருக்கு ஒன்று. யூனியன் வார்டு 5,000 பேருக்கு ஒன்று. அதாவது பத்து யூனியன் வார்டைச் சேர்த்துக் கட்டினால் ஒரு மாவட்ட வார்டு. இதற்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். சட்டமன்றத் தொகுதிக்கு ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், எல்லை கொஞ்சம் நகர்ந்தாலும் பெயர் நிற்கும். இங்கே மறுவரையறை வந்தால் எண்ணே நகர்ந்துவிடும். 2011 கணக்கெடுப்பை வைத்துப் பிரித்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் நம் வார்டில் இருந்து கழன்றன. பதிலுக்கு நெடுஞ்சாலை ஓரத்து ஊர்கள் வந்து சேர்ந்தன. சாலை ஓர ஊர்களில் மில் வேலைக்காரர்கள், ஆற்றோர ஊர்களில் விவசாயம். இரண்டும் ஒரே மாதிரி ஓட்டுப் போடும் என்று யார் சொன்னது?

1996இல் ஜெயித்த சைக்கிள்காரரின் சொந்த ஊரே இப்போது நம் வார்டில் இல்லை.

13 ஜனவரி 2025

போகிப் புகையில் உட்கார்ந்து எழுதுகிறேன், கண் எரிகிறது. பழைய நோட்டுகளை எரிக்கக் கொடுக்கும் முன் புரட்டியதில் 2006ஆம் ஆண்டு டைரி கிடைத்தது. தேர்தல் பயிற்சி வகுப்பில் எழுதிய குறிப்புகள், கடைசிப் பக்கத்தில் முடிவுகள். கை என்று சொன்னேன் அல்லவா, சரிதான்.

டைரியை எரிக்கவில்லை.

16 ஜனவரி 2025

இப்போது ஒரு யோசனை. வரிசையாக எழுதிப் பாருங்கள்.

1996 மே மாதம் சட்டமன்றத் தேர்தல், திமுக ஆட்சி. அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். 2001 மே, அதிமுக ஆட்சி. அக்டோபரில் உள்ளாட்சி. 2006 மே, மறுபடி திமுக. அக்டோபரில் உள்ளாட்சி. 2011 மே, மறுபடி அதிமுக. அக்டோபரில் உள்ளாட்சி. நாலு முறையும் ஐந்தே மாத இடைவெளி. நாலு முறையும் மாநிலம் முழுக்க ஆளுங்கட்சி அணியே அள்ளியது.

ஆக நம் வார்டு உதயசூரியனுக்கும் கோட்டை இல்லை, இரட்டை இலைக்கும் கோட்டை இல்லை. சென்னையில் இருக்கிறதே ஒரு கோட்டை, அதற்குள் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருடைய வெளிச்சுவர் இது. மே மாதம் போட்ட ஓட்டின் ஈரம் காயும் முன் அக்டோபரில் மறுபடி போடச் சொன்னால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஆளுங்கட்சிக் கவுன்சிலர் என்றால் ரோடாவது வரும் என்று குத்திவிட்டுப் போவார்கள்.

16 ஜனவரி, இரவு

"2019 உங்கள் கணக்கை உடைக்கிறதே" என்று உடனே கேட்டாயிற்று. உடைக்கவில்லை, பலப்படுத்துகிறது. கேளுங்கள்.

2016 அக்டோபரிலும் வழக்கம்போல வைக்கத்தான் பார்த்தார்கள். மே மாதம் அதிமுக மறுபடி வந்திருந்தது, 17ஆம் தேதியும் 19ஆம் தேதியும் வாக்குப்பதிவு என்று அறிவிப்பு. பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியில்லை, அறிவிப்பு அவசர கதியில் வந்தது என்று வழக்குப் போய், உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதன்பிறகு மூன்று வருடத்துக்கு மேல் தனி அலுவலர் ராஜ்ஜியம். ஒருவழியாக 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் நடந்தது. அப்போது ஆட்சிக்கு வயது மூன்றரை, எதிர்க்கட்சி நாடாளுமன்றத் தேர்தலில் ஜெயித்த தெம்பில் இருந்தது. அந்த ஐந்து மாத ஈரம் இல்லை. விளைவு? 515 மாவட்ட வார்டுகளில் திமுக 243, அதிமுக 214. ஆளுங்கட்சி பின்தங்கிய தேர்தல் அது ஒன்றுதான்.

விட்டுப்போன 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில் நடந்தது. சட்டமன்றத் தேர்தல் முடிந்து மறுபடி அதே ஐந்து மாதம். 140 வார்டுகளையும் ஆளுங்கட்சி அணி கிட்டத்தட்ட மொத்தமாகவே எடுத்துக்கொண்டது.

17 ஜனவரி 2025

2016இல் ரத்து செய்தது சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் இல்லை. அக்டோபர் 4. வேட்புமனு வாங்கி முடித்த மறுநாள். உச்ச நீதிமன்றம் வந்தது 2019 டிசம்பரில். மாவட்டங்களைப் பிரித்த இடங்களில் வார்டுகளைச் சரியாக வரையறுக்காமல் தேர்தல் வைக்காதே என்று சொல்லி 9 மாவட்டங்களை நிறுத்தி வைத்தது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருநெல்வேலி, தென்காசி.

இந்த மாதிரி தப்பை மாணவன் எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

19 ஜனவரி 2025

"243 ஜெயித்தும் சேர்மன் பதவியில் பின்தங்கியது எப்படி, பேரம்தானே" என்று கேட்பவருக்கு:

2020 ஜனவரி 11 அன்று 27 மாவட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்கு மறைமுகத் தேர்தல், அதாவது கவுன்சிலர்கள் மட்டும் ஓட்டுப் போட்டுச் சேர்மனைத் தேர்ந்தெடுப்பது. அதிமுக 13, பாமக 1, திமுக 12. சிவகங்கை தள்ளிப்போனது. பேரம் நடந்ததா இல்லையா என்று நான் பார்க்கவில்லை, பார்க்காததைச் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்காசிரியையாக ஒன்று சொல்லலாம். ஒரு மாவட்டத்தில் 20க்கு 18 ஜெயித்தாலும் ஒரு சேர்மன்தான், இன்னொன்றில் 20க்கு 11 ஜெயித்தாலும் ஒரு சேர்மன்தான். எங்கோ குவிந்து விழும் வெற்றி வீண். இரு பக்கமும் நெருங்கி இருக்கும் மாவட்டத்தில் ஒரே ஒரு உறுப்பினர் தாவினாலும் தராசு சாய்ந்துவிடும். தாவினால் பதவி போகும் என்ற பயமும் இல்லை, கட்சித் தாவல் தடைச் சட்டம் எம்எல்ஏ, எம்பிக்குத்தான். கவுன்சிலருக்கு இல்லை.

மஞ்சள் சீட்டு யாருக்கு என்று தெரியாமல் திருப்பிக் கொடுத்த அம்மாவின் ஓட்டு கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது பாருங்கள்.

23 ஜனவரி 2025

புதிதாக வந்த ஒருவர் "மாவட்டத்துக்கு மக்கள் ஓட்டுப் போட்டதே 1996இல்தான் முதல்முறை" என்கிறார். இந்தப் பதவிக்கு ஆமாம். அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் வந்து, 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்து, அதன்கீழ் நடந்த முதல் தேர்தல் அது. ஆனால் மாவட்ட அளவில் ஓட்டு என்பது அதற்கும் பழசு. ஜில்லா போர்டு என்று கேள்விப்பட்டதில்லையா?

என் தாத்தா சாகும்வரை எங்கள் ஊர் மெயின் ரோட்டை "போர்டு ரோடு" என்றுதான் சொன்னார். அவர் படித்தது போர்டு ஹைஸ்கூல். நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளியின் பழைய கட்டடமும் போர்டு கட்டியது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கையில் நிஜமான வேலை இருந்த அமைப்பு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு செஸ் என்ற கூடுதல் வரி வசூலித்து ரயில் பாதையே போட்டது. மாயவரத்தில் இருந்து முத்துப்பேட்டை வரை 1894இல் ஓடிய ரயில் போர்டு ரயில்தான். பிறகு அறந்தாங்கி வரை நீண்டது. இன்று மாவட்டக் கவுன்சிலரிடம் ரயில் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுற்றுச்சுவர் வாங்கித் தந்தாலே மாலை போடுகிறோம்.

ஜில்லா போர்டு பிரசிடெண்டு என்றால் கலெக்டருக்கு அடுத்த மரியாதை. ஏ. டி. பன்னீர்செல்வம் தஞ்சாவூர் போர்டின் தலைவராக இருந்துதான் மாகாண அரசியலில் பெரிய ஆளானார். ஓட்டு எல்லாருக்கும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். வரி கட்டுகிறவர்கள் ஓட்டு அது. என் தாத்தாவுக்கு இருந்திருக்காது.

24 ஜனவரி 2025

நேற்று எழுதியதில் ஒரு துண்டு விட்டுப்போனது. போர்டு எப்படிப் போனது?

1958 சட்டம். காமராஜர் காலத்தில் ஒன்றியங்களை உருவாக்கினார்கள், பஞ்சாயத்து யூனியன் என்று. அதிகாரம் ஒன்றியத்துக்குப் போனது, ஜில்லா போர்டு கலைந்தது. மாவட்ட அளவில் அதற்குப் பதிலாக வந்தது மாவட்ட வளர்ச்சி மன்றம். அதற்குக் கலெக்டர் தலைவர், எம்எல்ஏ, எம்பி, யூனியன் சேர்மன்கள் உறுப்பினர்கள். ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். மக்கள் நேராக ஓட்டுப் போட்டு மாவட்டத்துக்கு ஆள் அனுப்பும் வேலை அத்தோடு நின்றது. 1996 வரை நின்றே இருந்தது.

கூட்டிப் பாருங்கள். 1996இல் இருந்து 2016 வரை இருபது வருடம் ஆள் இருந்தார்கள். பிறகு மூன்று வருடம் இல்லை. பிறகு ஐந்து வருடம் இருந்தார்கள். இப்போது மறுபடி இல்லை. அதற்கு முன் முப்பத்தைந்து வருடத்துக்குமேல் மொத்தமாகக் கிடையாது. கோட்டையா என்று சண்டை போடுகிறோம், பாதி நாள் கதவே பூட்டிக் கிடக்கிறது.

28 ஜனவரி 2025

தனி வார்டு பற்றி எழுதச் சொல்லி இருவர் கேட்டிருக்கிறார்கள். தயங்கித்தான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஒதுக்கீட்டுச் சுழற்சி பத்து வருடத்துக்கு ஒருமுறை, அதாவது இரண்டு தேர்தல். நம் வார்டு 2006, 2011 இரண்டிலும் பட்டியல் இனப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு சலசலப்பும் இல்லை. அதற்கு முன் மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் என்ற ஊர்களில் தலைவர் பதவி தனி என்று ஆனதற்காகப் பத்து வருடம் தேர்தலை ஒழுங்காக நடக்கவிடவில்லை. 2006இல்தான் அங்கே தலைவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். ஊராட்சித் தலைவர் நாற்காலிக்கு அவ்வளவு ரத்தம். மாவட்ட வார்டு தனியானால் ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் ஊர் நல்ல ஊர் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எந்த நாற்காலியில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

29 ஜனவரி 2025

2006இல் ஜெயித்த அந்தம்மாவைப் பற்றி. பெயர் வேண்டாம். பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தார், கணவர் முன்னால் நடந்து வந்தார். பேச்சும் கணவரே பேசினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தம்மா என் பக்கம் குனிந்து, "டீச்சர், மாவட்டத்துல நாங்க என்னதான் கேட்கலாம்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஊராட்சிச் சட்டம் தமிழில் ஒரு பிரதி தேடிப் பிடித்து அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து எங்கள் பள்ளிக்குப் பெண் பிள்ளைகள் கழிப்பறை வந்தது, மாவட்ட ஊராட்சி நிதியில். மனுவை அவரே எழுதியிருந்தார், எழுத்துப் பிழைகளோடு. கல்வெட்டில் அவர் பெயருக்குக் கீழே கணவர் பெயரும் இருக்கிறது. இரண்டும் ஒரே அளவு எழுத்து.

பெண்களுக்குப் பாதி என்று சட்டம் 2016இல் ஆனது, 2019 தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மூன்றில் ஒன்று.

3 பிப்ரவரி 2025

கோட்டைக்காரர் இறங்கி வந்திருக்கிறார். "சரி, கோட்டை என்பதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் உங்கள் ஐந்து மாத விதிக்கு நம் வார்டில் 2001 ஆதாரம் எங்கே?"

பிடித்துவிட்டார். நான் ஒரு இடத்தில்கூட 2001இல் யார் ஜெயித்தார் என்று எழுதவில்லை. வேண்டுமென்றே தாண்டிப்போனேன். எனக்குத் தெரியாது.

அந்த வருடம் நான் மகப்பேறு விடுப்பில் இருந்தேன். தேர்தல் வேலை இல்லை. சொந்த வார்டில் நேரில் போய் வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட ஒரே உள்ளாட்சித் தேர்தல் அதுதான். இடுப்பில் குழந்தை. நாலு சீட்டை வாங்கியதும் மஞ்சளைப் பிடுங்கி வாயில் வைத்துவிட்டான். ஓரம் நனைந்த தாளில்தான் முத்திரை குத்தினேன். அது மட்டும் அச்சாக நினைவிருக்கிறது. யாருக்குக் குத்தினேன், யார் ஜெயித்தார் என்றால் சுத்தமாக இல்லை.

5 பிப்ரவரி 2025

வீட்டுக்காரரைக் கேட்டேன். இரட்டை இலை என்கிறார், சந்தேகமே இல்லையாம். எதிர்வீட்டுப் பெரியவர் சுயேச்சை என்கிறார். ஆளுங்கட்சியில் சீட்டு கிடைக்காமல் தனியாக நின்று ஜெயித்து, பிறகு அதே கட்சிக்குப் போனாராம். அவர் சொல்வது உண்மையானால் என் விதியில் ஓட்டை. அல்லது பாதி ஓட்டை. போய்ச் சேர்ந்தது அங்கேதானே.

11 பிப்ரவரி 2025

ஐந்து தேர்தலுக்கும் அட்டவணை போட்டுவிட்டேன். எந்தெந்த ஊர் வார்டில் இருந்தது, பொதுவா தனியா, சின்னம் எது என்று. 2001 வரிசையில் சின்னத்துக்கான கட்டம் மட்டும் காலி. அன்று நம் வார்டில் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவர்கள், அல்லது பழைய பிட் நோட்டீஸ் எதையாவது பரணில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், நிரப்பிவிடுகிறேன். "எனக்கு நினைவிருக்கிறது" என்று மட்டும் வராதீர்கள். நினைவு எங்கள் வீட்டிலேயே இரண்டு இருக்கிறது.